இந்த மாசத் தாள்

இல்லம்மா, அவரைக் கூப்பிட வேண்டாம். மேனேஜரைப் பாக்கவா வந்தேன்? அவர் மூஞ்சியைத்தான் மாசாமாசம் படத்துல பாக்கறேனே, அது போதும். எனக்கு உங்களைத்தான் பாக்கணும். மாசம் பொறந்தா வீட்டுக்கு ஒரு தாள் அனுப்பறீங்களே, முன்பக்கம் உங்க இன்ஷூரன்ஸ் ஆபீஸ் சேதி, பின்பக்கம் வீட்டைப் பாத்துக்கறதுக்கு யோசனை, அதை எழுதறது நீங்கதானே? முன்னாடி உக்காந்திருக்கற பொண்ணு உங்களைத்தான் கைகாட்டுச்சு. இப்ப அந்தப் பொண்ணைத் திரும்பி ஒரு பார்வை பாத்தீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சு போச்சு, நீங்கதான்.

உக்காரலாமா? பை மடியிலயே இருக்கட்டும். உள்ள வேற ஒண்ணுமில்ல, நீங்க அனுப்பின தாளுங்கதான். ஃப்ரிட்ஜ் மேல ஒரு பெரிய கிளிப்புல மாட்டி வெச்சிருந்தோம், அப்படியே கழட்டி எடுத்துட்டு வந்தேன். ஒண்ணு குறையாது.

புகார் ஃபாரமா? அதெல்லாம் வேண்டாம், அதை உள்ள வைங்க. எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். எங்க வீட்ல நடக்கறதை உங்களுக்கு யாரு வந்து சொல்றாங்கன்னு தெரியணும். அப்புறம், இந்த மாசத் தாளை மாத்தித் தரணும். மாத்தறதைப் பத்திப் பின்னாடி பேசுவோம். முதல்ல ஆளு யாரு, அதைச் சொல்லுங்க.

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. எங்க வீட்டம்மாவும் இதுக்கு இப்படித்தான் சிரிப்பா. நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து இருந்து மூளை அப்படி ஆயிடுச்சும்பா. ஆமா, நான் லிஃப்ட் வேலை பாத்தவன். கயிறு புதுசு, பிரேக் புதுசு, எல்லாம் பக்காவா இருக்குன்னு கட்டடக்காரங்க சொல்லுவாங்க. நாங்க நல்லாத் தலையாட்டிட்டு, முதல்ல ஆளில்லாம வெறும் பெட்டியை மேல அனுப்பிப் பாப்போம். யாரையும் நம்பாம இருந்ததாலதான் நான் கையும் காலுமா ரிட்டயர் ஆனேன். அதனால நீங்க சிரிச்சா எனக்குக் கோவம் வராது. சந்தேகம்தான் கூடும்.

சரி, ஒவ்வொண்ணா வரேன். இதைப் பாருங்க. இந்தத் தாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி இருக்கற ஹோஸைக் கடைசியா எப்பப் பாத்தீங்கன்னு கேட்டு எழுதியிருக்கீங்க. எங்க வீட்டம்மா சத்தமாப் படிச்சுக் காமிச்சா. போய்ப் பாருங்கன்னா. நான் சாஞ்சு உக்காந்து டிவி பாத்துட்டு இருந்தேன். நேத்து நல்லாத்தானே இருந்துச்சுன்னேன். நேத்து நீங்க பாத்தீங்களான்னா. பாக்கலைதான். ஒத்துப்பமா நாம? அந்த வாரமே அது புட்டுக்கிச்சு. கடைக்குப் போயிட்டு வந்து கதவைத் தொறக்கறோம், என் செருப்பு மிதந்து வந்து வாசல்ல எங்களை வாங்கன்னு கூப்பிடுது. ஹால் பூராத் தண்ணி. அலமாரி அடியெல்லாம் ஊறி உப்பிப் போச்சு. நான் தண்ணியைத் தள்ளிட்டே யோசிக்கறேன், இவங்க எழுதி நாலு நாள்கூட ஆகலையே, எப்படி?

ஆமா, உங்க ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்தாரு, படம் புடிச்சாரு, நஷ்டஈட்டை நல்லபடியாத்தான் முடிச்சுக் குடுத்தீங்க. அதுல குத்தம் சொல்லலை. ஆனா வந்தவரு வீடு பூராச் சுத்திப் பாத்தாரு இல்ல? ஹோஸ் இருக்கறது பின்கட்டுல, அவரு எதுக்கு வாசல் பக்கம் வந்து நின்னுட்டு இருந்தாரு? இதை மனசுல வெச்சுக்குங்க.

அடுத்த தாள். பூந்தொட்டிக்கு அடியில வீட்டுச் சாவி வைக்காதீங்க. எங்க சாவி அன்னிக்கு எங்க இருந்துச்சுங்கறீங்க? பூந்தொட்டிக்கு அடியில! அதுவும் நீங்க போட்டிருக்கற படத்தைப் பாருங்க, தொட்டியோட விளிம்புல ஒரு சில்லு பேந்திருக்கு. எங்க தொட்டியிலயும் அதே இடத்துல பேந்திருக்கும். வேணும்னா வந்து பாருங்க. வேண்டாம், வந்து பாக்க வேண்டாம், ஏற்கனவே பாத்தாச்சே. எனக்குக் குப்புன்னு வேர்த்துடுச்சு. சரின்னு சாவியை எடுத்து மீட்டர் பெட்டிக்குள்ள வெச்சேன். யாருக்கும் தெரியாது. அடுத்த மாசம் தாள் வருது, கொட்டை எழுத்துல எழுதியிருக்கீங்க, மீட்டர் பெட்டிக்குள்ளயும் வைக்காதீங்கன்னு! சொல்லுங்கம்மா, நான் என்ன நினைக்கறது?

அதோட விட்டேனா? பொறி வெச்சேன். சாவியை எடுத்து ஒரு பழைய ஹெல்மெட்டுக்குள்ள போட்டு ஆணியில மாட்டினேன். வீட்டம்மாகிட்டகூடச் சொல்லலை. ஹெல்மெட்டைப் பத்தி அடுத்த தாள்ல வந்துச்சுன்னா கையும் களவுமாப் புடிச்சிடலாம்னு கணக்கு. என்ன ஆச்சு, அவ மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து தொட்டியைத் தூக்கிப் பாக்கறா, மீட்டர் பெட்டியைத் தொறந்து பாக்கறா, சாவி இல்ல. நான் வர்ற வரைக்கும் காய்கறிப் பையோட வெயில்ல நின்னிருக்கா. அன்னிக்கு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது இருக்கே, அதை விடுங்க. அடுத்த மாசம் தபால்காரர் வர்றதுக்குள்ள வாசல்ல போய் நிக்கறேன். தாளைப் பிரிச்சா ஹெல்மெட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மரக்கிளையைப் பத்தி எழுதியிருக்கீங்க. எனக்கு ஏமாத்தமாப் போச்சு, நிஜமா.

ஆனா கேளுங்க, மரக்கிளையும் சும்மா இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் மரம், ஒரு கிளை எங்க பக்கம் நல்லாச் சாஞ்சு கிடந்துச்சு. தாளை எடுத்துட்டுப் போய் மதில் மேல வெச்சு, பாருங்க சார், என்ன எழுதியிருக்குன்னு காமிச்சேன். ஞாயித்துக்கிழமை ஆள் விட்டு வெட்டிடறேன்னாரு. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே காத்து வந்துச்சு. கிளை நேரா எங்க ஸ்கூட்டர் ஷெட்டு மேல. நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன், அவரும் உங்க கஸ்டமர்தானே, அவர்தான் எங்க வீட்டு விஷயமெல்லாம் வந்து ஓதறாருன்னு. சட்டையை மாட்டிட்டு சண்டைக்குக் கிளம்பறேன், அவர் அதுக்குள்ள அதே தாளைக் கையில புடிச்சிட்டு எங்க வீட்டுக்கு சண்டைக்கு வந்துட்டாரு! என்ன தெரியுமா? என் மரத்தைப் பத்தி ஆபீஸ்ல போய்ச் சொல்லி எழுத வெச்சது நீதானேங்கறாரு. அவருக்கு என் மேல சந்தேகம்! அப்புறம் அவரும் நானும் பேச்சே இல்ல. இப்பத்தான் ஒரு வாரமா அவரே மதில் பக்கம் வந்து நிக்கறாரு. வீட்டம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கறாரு. நான் ஏதோ இருக்கா சார்னு சொல்லிட்டு உள்ள வந்துடுவேன்.

ப்ளம்பரையும் விட்டு வைக்கலை. ஹோஸ் மாத்த வந்தவனைப் புடிச்சு உக்கார வெச்சு, இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கும் உனக்கும் ஏதாவது உண்டா, அவங்க எழுத எழுத உனக்கு வேலை வருதேன்னு கேட்டுட்டேன். அவன் பாவம், ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கறான். அதுலேர்ந்து கூப்பிட்டா வர மாட்டேங்கறான். பாத்ரூம் குழாய் இன்னிக்கும் ஒழுகிட்டுத்தான் இருக்கு.

தண்ணி குடிக்கலாமா? இதுல? சரி.

எங்க வீட்டம்மா என்ன சொல்லுவான்னு கேக்கறீங்களா? அவ நல்லாத்தான் சொல்லுவா. ஊர்ல எந்த வீட்லங்க பூந்தொட்டி இல்ல, எவன்தான் சாவியை அதுக்கடியில வைக்கலை, ஆயிரம் வீட்டுக்கு ஒரே தாள், நமக்குன்னு தனியாவா அடிக்கறாங்கம்பா. தொட்டின்னா விளிம்பு பேந்துதான் இருக்கும், நம்ம ரெண்டு பேரும் பேந்து போகலையாம்பா. வாய் அப்படி. அவளுக்கு உங்க தாள்னா உசுரு. முன்பக்கம் சேதி ஒண்ணு விட மாட்டா. உங்க ஆபீஸ்ல யாருக்குக் குழந்தை பொறந்துச்சு, எந்தக் கவுண்டரை எங்க மாத்துனீங்க, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மேனேஜர் ஏணி மேல நின்னு கூரையைச் சுத்தம் பண்ற மாதிரி ஒரு படம் வருமே, மாசம் தவறினாலும் அந்தப் படம் தவறாது. சட்டையில கசங்கலே இல்ல, இந்த மனுஷன் ஏணியில ஏறினதே படம் புடிக்கறதுக்குத்தான்னு ஒவ்வொரு தடவையும் திட்டுவா. திட்டறதுக்காகவே காத்துட்டு இருப்பா.

சட்டையைத்தான் முதல்ல பாப்பா. ஏன்னா அவ கார்மெண்ட்ஸ் கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவினாலே போதும், எந்தப் பட்டன்ல நூல் தூக்கியிருக்குன்னு சொல்லிடுவா. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். எங்க லிஃப்ட் வேலையில ஒரு வழக்கம் உண்டும்மா. ரிப்பேர் பாத்தவனே சரியா இருக்குன்னு முடிச்சுக் குடுக்கக் கூடாது. வேற ஒருத்தன் வந்து பாக்கணும். செஞ்சவன் கண்ணுக்குத் தன் வேலை சரியா இருக்கற மாதிரித்தான் தெரியும், இல்லியா? அதனால வீட்லயும் அப்படியே வெச்சுக்கிட்டோம். தாள்ல வந்ததை நான் செய்வேன், அவ வந்து பாப்பா. புகை அலாரத்துக்கு பேட்டரி மாத்தினேன்னா, ஒரு பேப்பரைக் கொளுத்தி அதுக்குக் கீழ காட்டிப் பாத்துட்டுத்தான் விடுவா. ஜன்னல் கொண்டியைச் சரி பண்ணினேன்னா, வெளிய போய் நின்னு திருடி மாதிரி தள்ளிப் பாப்பா. தெருவுல போறவங்க நின்னு பாப்பாங்க. மறுபடியும் பாருங்கம்பா. அந்த வார்த்தையை நான் கேக்காத நாளே கிடையாது.

அவளைக் கூட்டிட்டு வந்திருக்கலாமேங்கறீங்க. அவ வரலை. படுத்திருக்கா. அதை விடுங்க.

இப்ப நேரா ஒண்ணு கேக்கறேன், மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். உங்க கம்பெனி வீட்டுக்கு மட்டுமா இன்ஷூரன்ஸ் போடுது? உடம்புக்கும் உண்டுல்ல? அதோ சுவத்துலயே போஸ்டர் இருக்கே, ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கிட்டு ஒருத்தர் சிரிக்கறாரே. அப்ப ஆஸ்பத்திரிக்கும் உங்களுக்கும் போக்குவரத்து இருக்கும். ஒருத்தருக்கு ஸ்கேன் எடுக்கறாங்கன்னு வைங்க. அந்த ரிசல்ட்டு முதல்ல எங்க போகும்? வீட்டுக்காரங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்கு வந்துடுமா? டாக்டர் எங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. உங்ககிட்டச் சொன்னாரா?

ஏம்மா முகம் மாறுது? நான் மிரட்டலை. கேக்கறேன். டாக்டர் என்னைப் பாத்து, திறந்து பாத்தாத்தான் தெரியும்னாரு. அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கேன், எத்தனையோ பேர்கிட்ட, கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு. அப்படிச் சொல்றப்பவே உள்ள என்ன போயிருக்கும்னு எனக்குப் பாதி தெரிஞ்சிருக்கும். சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். அதனால அவருக்கும் தெரியும்னு நான் நினைச்சேன். தெரிஞ்சு உங்களுக்குச் சொல்லியிருக்காருன்னும் நினைச்சேன். இல்லேன்னா இந்த மாசம் பாத்து நீங்க இதை ஏன் எழுதணும்?

என்னது அது? கம்ப்யூட்டரைத் திருப்பறீங்க. எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. நீங்களே படிங்க. பெரிய ஆபீஸ்லேர்ந்து வருது, சரி. வருஷ ஆரம்பத்துலயே வந்துடும். எந்த மாசம் எதைப் பத்தின்னு அவங்களே போட்டுக் குடுத்துடுவாங்க. எல்லா ஊருக்கும் இதேதானா? நீங்க எதுவும் யோசிக்கறதில்லையா? வெறும் மேனேஜர் படத்தை மட்டும் ஒட்டி அடிக்கறது, அவ்வளவுதானா உங்க வேலை?

அப்ப ஹோஸும் அவங்க போட்டதுதான். பூந்தொட்டியும். மீட்டர் பெட்டியும்.

இந்த மாசத்துதும்.

வருஷ ஆரம்பத்துல அவளுக்கு ஒண்ணுமே இல்லம்மா. ஜன்னலைத் தள்ளிப் பாத்துட்டு இருந்தா. வயித்துல கட்டி இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. அப்பவே இதை எழுதி வெச்சுட்டாங்கன்னா, யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது.

இருங்க. இல்ல, ஒண்ணுமில்ல. மேனேஜரைக் கூப்பிடாதீங்க, ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல.

எனக்குச் சிரிப்புதான் வருது. நான் வழி பூரா என்ன பேசணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஒருத்தன் கோள் சொல்லியிருந்தான்னு வைங்க, அவன் சட்டையைப் புடிச்சிருப்பேன். மனசு ஆறியிருக்கும். நீங்க வேவு பாத்தீங்கன்னா உங்க பேர்ல கேஸ் போடுவேன்னு கத்தியிருப்பேன். அந்தப் போஸ்டர் டாக்டரைக்கூட ஒரு வழி பண்ணியிருப்பேன். இப்ப யார்கிட்டம்மா போய் சண்டை போடறது? எனக்கு பயமா இருக்கு. சந்தேகமெல்லாம் ஒண்ணுமில்ல, பயம்தான். வீட்ல இதை யார்கிட்டச் சொல்றது, அவகிட்டத்தானே எல்லாத்தையும் சொல்லிப் பழக்கம்.

சரி. ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு மீதி இருக்கு. தாள்.

இதை நான் பையில வைக்கலை. சட்டைக்குள்ள வெச்சிருக்கேன், கசங்கியிருக்கும். தபால்காரர் கையிலேர்ந்து நான்தான் வாங்கினேன், நல்ல வேளை. பின்பக்கம் திருப்புங்க. ஒரு ஜன்னல், ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி, மேல தலைப்பு. அழகா இருக்கு படம். எத்தனை பேருக்குத் தேவைப்படும், நல்ல விஷயம்தான், இல்லேங்கலை. வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க காலமாயிட்டா, வீட்ல இருக்கறவங்க ஒரு மாசத்துக்குள்ள ஆபீஸுக்கு வந்து பாலிசியில பேரை மாத்திக்கணும். அதானே?

எங்க வீடு அவ பேர்ல இருக்கும்மா.

வாங்கினப்பவே அவ பேர்லதான் வாங்கினோம். எம் பேர்ல இருந்தா நீங்க என்னையே சந்தேகப்பட்டு வேற யாருக்காவது எழுதிக் குடுத்துடுவீங்கன்னு சிரிச்சா. நாளைக்குக் காலைல ஆபரேஷன். இன்னிக்குச் சாயந்திரம் கொண்டு போய்ச் சேக்கணும். அதுக்குள்ள அவ தாளைக் கேக்கறா. தினம் கேக்கறா, மாசம் பொறந்துடுச்சே, இன்னும் வரலையான்னு. வரலைன்னேன். அவங்க தவறவே மாட்டாங்களேன்னா. பக்கத்து வீட்டம்மாகிட்டக் கேளுங்கன்னா. நான் ஓடிப்போய் மதில்கிட்ட நின்னு அந்த மனுஷன்கிட்டச் சொல்லி வெச்சேன், கேட்டா உங்களுக்கும் வரலைன்னு சொல்லுங்க சார்னு. அவர் உள்ள போய்த் தனக்கு வந்ததை எடுத்துட்டு வந்தாரு. தாளை என் கண்ணு முன்னாடியே நாலா மடிச்சுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. நான் அவரை என்னவெல்லாம் நினைச்சேன்.

நான் இங்க வந்ததே அவ அனுப்பித்தான். ஆபீஸ்ல போய் ஏன் வரலைன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நான் எதைப் படிக்கறதுன்னா.

அதனால ஊருக்கெல்லாம் நீங்க மாத்த வேண்டாம். அடிச்சு அனுப்பினதை எப்படி மாத்துவீங்க, எனக்குப் புரியுது. எங்க வீட்டுக்கு ஒண்ணு. ஒரே ஒரு தாள். நமக்குன்னு தனியாவா அடிக்கறாங்கன்னு கேட்டாளே, அவளுக்குன்னு தனியா ஒண்ணு அடிச்சுக் குடுங்க. முன்பக்கம் அப்படியே இருக்கட்டும், மேனேஜரும் ஏணியும் இருக்கட்டும், அதை எடுத்துடாதீங்க. பின்பக்கம் மட்டும் மாத்துங்க.

பழசுலேர்ந்து ஒண்ணை எடுத்துப் போட்டா? புடிச்சுடுவாம்மா. கூரைக் குழாய் வந்தாச்சு, பேட்டரி வந்தாச்சு. அதான் எல்லாத் தாளையும் தூக்கிட்டு வந்தேன், எது வரலைன்னு பாக்கறதுக்கு. விரிசல் வரலை. சுவத்துல விரிசல் விட்டா என்ன பண்ணணும்னு நீங்க எழுதினதே இல்ல. எங்க படுக்கையறையில அவ படுக்கற பக்கம், ஜன்னல் மூலையிலேர்ந்து ஒரு விரிசல் கீழ இறங்குது. முடி மாதிரி. இப்ப நாள் பூரா அவ அதைத்தான் பாத்துட்டுப் படுத்திருக்கா. வளருதுங்க அதுங்கறா. இல்லவே இல்லைங்கறேன் நான். சத்தியமா எனக்குத் தெரியலை.

எழுதுங்க, நான் சொல்றேன். விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போடுங்க. பக்கத்துலயே தேதி எழுதுங்க. மழைக்காலம் முடிஞ்சதும் திரும்ப வந்து, கோட்டைத் தாண்டியிருக்கான்னு பாருங்க. இது பொய்யில்லம்மா, கட்டடக்காரங்க செய்யறதுதான், நான் பாத்திருக்கேன். எழுதிட்டீங்களா? இப்ப ஒரு வரி சேத்துக்குங்க. கோடு போட்டவரே பாக்கக் கூடாது. வீட்ல இருக்கற இன்னொருத்தர் பாக்கணும்.

அப்படி எங்கயும் சொல்லலையா? சொல்லலைன்னா என்ன, போடுங்க. அந்த வரியைத் தடிமனாப் போடுங்க.

ஆமா. கோடு நான் போடுவேன். இன்னிக்கே, கிளம்பறதுக்கு முன்னாடி, அவ கண்ணு முன்னாடி. அவ படுத்துக்கிட்டே, இன்னும் கொஞ்சம் கீழ, அங்க இல்ல, இங்கன்னு சொல்லுவா. மழைக்காலம் முடியறதுக்கு இன்னும் நாள் இருக்கு. நான் போட்ட கோட்டை நானே பாத்துட்டு சரியா இருக்குன்னு சொன்னா, அவ விட்டுடுவாங்கறீங்களா? வரணும். வந்து பாக்கணும். அவ பாக்காம அந்த வேலை முடியாது.

ஆயிடுச்சா? தாள் இன்னும் சூடா இருக்கே. மடிச்சுக் குடுங்க, எப்பவும் மடிக்கற மாதிரி மூணா. ஓரம் ஒண்ணாச் சேரணும்மா, விரலால தடவிப் பாப்பா அவ. கவர்ல போட்டு மேல அவ பேரை எழுதுங்க.

அந்தக் காலி நாற்காலித் தாளா? அதை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வேண்டாம்.

வரேம்மா. வீட்ல பென்சில் ஒண்ணு எங்கயோ கிடக்கு, போய்த் தேடிச் சீவி வைக்கணும்.